லைசென்ஸ் அவர் சட்டைப்பையில்

எழுதுங்கள் குஞ்ஞுமோன் சேட்டா,
வேகமாகப் போனதற்காக இல்லை,
மெதுவாகப் போனதற்குத்தான் பிடித்தார்கள்.

விடியாத மூன்றரை தாண்டியிருக்கும்.
சஹம் விட்டு சொஹார் போகும் பாத்தினா சாலை.
நூற்றிருபதில் பறக்கிற வண்டிகளுக்கு நடுவே
நாற்பதில், இரண்டாம் கியரில்,
செருமிக்கொண்டு போகிறது எங்கள் பிக்கப்.
பின்னால் அறுபது பெட்டி வெள்ளரிக்காய்,
இறக்கிவைக்கக்கூடத் தோன்றவில்லை.
பக்கத்து சீட்டில் கசாலி அண்ணன்
இடது கையை வலது கையால் பிடித்து
யாருடையதோ போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளரிக்காய் எல்லாம் எதுக்கு?
பக்கத்துக்கு ஒரு ரியால்.
பக்கம் தாண்டினால் இன்னொன்று."

சரி, வெள்ளரிக்காயை வெட்டுங்கள்.

ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன், அதை எழுதுங்கள்.
எங்கே என்றார்கள். தோட்டம் என்றேன்.
எந்தத் தோட்டம்?
முதலாளிக்குப் பெயர் உண்டு, தோட்டத்துக்கு இல்லை.
பேரீச்சை, தகரக் கொட்டகை, மோட்டார் ரூம்;
அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே.
லைனில் இரு, தேடுகிறோம் என்றார்கள்.
அதற்குள் அண்ணன் பனியன் தொப்பலாகிவிட்டது.

ஓட்டத் தெரியுமா என்று கேட்பார்களாம்.
தோட்டத்துக்குள் ரிவர்ஸ் எடுக்கத் தெரியும்.
முன்னால் போக அன்றுதான் பழகினேன்.

(சேட்டன் சிரித்தார். இதைத் தட்டவில்லை.)

கண்ணாடியில் நீல விளக்கு சுழன்றது.
ஓரம் கட்டினேன். வண்டி அணைந்தது.
அணைந்த பிறகுதான் அண்ணன் மூச்சு கேட்டது.
டார்ச்சோடு குனிந்தார் போலீஸ்காரர்.
நெஞ்சில் பெயர் குத்தியிருந்தது,
எனக்கு வாசிக்கத் தெரியாது.
"லைசன்? முல்கியா?"

லைசென்ஸ் உள்ளவர் சாய்ந்து கிடக்கிறார்,
இல்லாதவன் ஓட்டுகிறான்:
இதைச் சொல்ல என்னிடம் இருந்த அரபி
மொத்தம் மூன்று சொல்.
நஃபர். கல்ப். முஸ்தஷ்ஃபா.
ஆள். நெஞ்சு. ஆஸ்பத்திரி.
அண்ணன் சட்டைப்பைக்குள் நானே கைவிட்டுக்
கார்டை எடுத்து நீட்டினேன்.
படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.
படத்தில் அண்ணனுக்கு மீசை இருந்தது.

பிறகு தோளால் என்னைத் தள்ளிவிட்டு
ஸ்டியரிங்கில் அவரே உட்கார்ந்தார்.
மூன்று, நான்கு, ஐந்து.
அந்த வண்டிக்கு ஐந்தாம் கியர் உண்டென்பது
அப்போதுதான் தெரிந்தது எனக்கு.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனதும்
பானெட்மேல் காகிதம் வைத்து
அபராதச் சீட்டும் எழுதினார்.
அந்தக் கைதான் இதையும் செய்தது.
கொடுத்துவிட்டு, கைகுலுக்கிப் போனார்.

கட்டிவிடு, சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்
என்கிறார் முதீர்.
ஆட்சேபம் கீட்சேபம் என்று போனால்
விசாவில் கை வைப்பார்கள் என்கிறது ரூம்.
சேட்டன்தான் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி
சீட்டின் அடியில் கிறுக்கிய வரியைப் படித்தார்:
'நோயாளி வண்டியில் இருந்தார்.
மீதித் தூரம் ஓட்டியது நான்.'

"இதுக்கு அரபியில் ஒரு சொல் உண்டு, தரூரா.
வேறு வழியே இல்லாத நேரம் என்று அர்த்தம்.
விடுவார்களா, எனக்குத் தெரியாது.
கேட்கலாம்."

அபராதச் சீட்டில் மூன்று நாற்பத்தொன்று.
ஆஸ்பத்திரிச் சீட்டில் மூன்று ஐம்பத்திரண்டு.
நடுவிலுள்ள பதினோரு நிமிடத்தையும்
வலமிருந்து இடமாகத் தட்டினார்.

நேற்று வார்டில் கசாலி அண்ணன்
மூக்குக் குழாயை விலக்கிக் கேட்டது ஒன்றுதான்:
"செகண்ட் கியர்லயே வந்தியாடா?
கிளட்ச் இருக்கா, போச்சா?"

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.
கையெழுத்துப் போடும்போது பார்த்தேன்,
பக்கத்தின் அடியில் இரண்டு வரி இடம் மிச்சம்.
ரியால் முழுசாகத்தானே கொடுத்தேன் சேட்டா,
வெள்ளரிக்காயைச் சேர்த்துவிடுங்கள் என்றேன்.